நாகேந்திரம் பெயரில் ஒரு விளம்பரம்

வெள்ளவத்தை
10.02.2008

அன்புள்ள ஹமீமா,

நீயும் பிள்ளைகளும் சுகம் என்று நினைக்கிறேன். நான் இருக்கிறேன்.

என் கணவரைக் கொண்டுபோய் மாதங்களாகிவிட்டன. ஒருகொடவத்தையில் வேலை முடிந்து, கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்கு நின்றவரை ஒரு வான் வண்டியில் ஏற்றினார்கள் என்பதற்கு மேல் இன்றும் எனக்கு ஒன்றும் தெரியாது. பொலிஸ், கோயில், சாத்திரி என்று எல்லாப் படியும் ஏறி இறங்கிவிட்டேன். கால்தான் தேய்ந்தது.

நான் வேலை பார்க்கும் பூக்கடை பூவோடு கேக்கும் அனுப்பும்; அதற்கு இன்டர்நெற்றில் விளம்பரம் போடுவது நான்தான். லண்டனிலிருந்து கொழும்புக்குக் கேக் அனுப்ப யாராவது தேடினால், தேடலின் பக்கத்தில் எங்கள் கடை விளம்பரமும் வரும். அதைக் கிளிக் பண்ணினால் மட்டும் நாங்கள் காசு கட்ட வேண்டும். அதே கணக்கில் இவருக்கும் ஒன்று போட்டேன். 'பொன்னம்பலம் நாகேந்திரம்' என்று யாராவது தேடினால், 'இவரைக் கண்டீர்களா?' என்ற வரியும் என் ரெலிபோன் நம்பரும் வரவேண்டும். இவரை அடைத்து வைத்திருக்கும் இடத்தில் மனச்சாட்சியுள்ள ஒருவன், இவர் யாரென்று ஒருநாள் தேடிப் பார்க்க மாட்டானா?

கேக் விளம்பரத்தை மறுநாளே ஏற்றவர்கள் இதை மறுத்துவிட்டார்கள். 'எங்கள் கொள்கைக்கு அமைவானதல்ல.' மாற்றி மாற்றிப் போட்டும் அதே பதில்.

லீட்ஸில் உன் வேலையே இந்த விளம்பரங்களைப் பரிசீலிப்பதுதானே. அதே கம்பனி. பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து படித்தோம் என்பதற்காகவாவது கொஞ்சம் பார்.

இப்படிக்கு,
நாகேஸ்வரி

லீட்ஸ்
27.02.2008

அன்புத் தோழி நாகேஸுக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம். உன்னை நினைத்தால்தான் சோறு இறங்குவதில்லை.

உன் விளம்பரம் என் மேசைக்கே வந்தது. நாகேந்திரம் அண்ணனின் பெயரைப் பார்த்ததும் போட்டது நீதான் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தவர்களின் விளம்பரத்தை நாங்கள் தொடக்கூடாது. மேலாளரிடம் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். மறுத்தது அவர். என் விசா இந்த வேலையோடு கட்டிக் கிடக்கிறது, நாகேஸ். பிள்ளைகளுக்கு என்னைத் தவிர யாருமில்லை என்பது உனக்குத் தெரியும்.

இங்கே எல்லாவற்றையும் முதலில் இயந்திரம் படிக்கும். சந்தேகமானது மனிதர்களிடம் வரும். என்ன எழுதியிருக்கிறது, எந்தச் சொல்லைத் தேடினால் வரும், கிளிக் பண்ணினால் எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்ப்போம். நீ வரிக்குள்ளேயே ரெலிபோன் நம்பர் போட்டிருந்தாய், அது கூடாது. திறந்த பக்கமோ உங்கள் பூக்கடை! "துக்கத்தைக் காட்டிப் பூ விற்கிறார்கள்" என்றார் மேலாளர். எனக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் உன்னைத் தெரியாதவர் அப்படித்தானே நினைப்பார்?

இதற்கென்றே தனிப் பக்கம் ஒன்று செய். யார் நடத்துவது, எங்கே இருக்கிறீர்கள் என்று வெளிப்படையாக எழுது. உன்னைப் போல ஆளைத் தொலைத்தவர்களையும் சேர்த்துக்கொள். அப்படியென்றால் ஏற்பார்கள். நீயே அவர் பெயரைத் தேடித் தேடிக் கிளிக் பண்ணாதே. மோசடி என்று நினைப்பார்கள்.

கோபிக்காதே.

உன்,
ஹமீமா

வெள்ளவத்தை
21.04.2008

அன்புள்ள ஹமீமா,

கோபித்தேன். பதில் எழுதவே கூடாதென்று இருந்தேன். பிறகு யோசித்தால், நீ சொன்னதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பக்கம் செய்தாயிற்று. கொட்டாஞ்சேனை பாக்கியலெட்சுமியின் மகன், முகத்துவாரம் றோஸியின் தம்பி ஜூட், இவர் என்று மூன்று பேரின் படங்கள். என் பெயரும் விலாசமும் கீழே. விளம்பரத்தை ஏற்றுவிட்டார்கள். அன்று முழுக்க நாங்கள் மூவரும் கொம்பியூட்டரின் முன்னால் இருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

போன கிழமை சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்தை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். "மேக கவுத தெம்மே?" யார் போட்டது என்று சிங்களத்தில் கேட்டான் ஒருவன். "மம" என்றேன். நான்தான். யார் சொல்லித் தந்தது என்றும் கேட்டான். ஒருவருமில்லை என்றேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

கடை முதலாளி மஜீட் நானா பயந்துவிட்டார். "புள்ள, நாளைக்குக் கடைக்கு வந்துட்டாங்கண்டா நான் என்ன செய்ற?" என்கிறார். பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. இப்போது விளம்பரத்தை நெற் கபேயில் போய்ப் பார்க்கிறேன்.

களைப்பாக இருக்கிறது. வேறொன்றுமில்லை.

நாகேஸ்வரி

லீட்ஸ்
09.05.2008

அன்பு நாகேஸ்,

உன் கடிதம் வந்த அன்றே உங்கள் விளம்பரம் திரும்ப என் மேசைக்கு வந்தது. யாரோ முறைப்பாடு கொடுத்திருக்கிறார்கள். பொய்ப் பெயர்கள், பணம் பறிக்கும் வேலை, உடனே எடுக்க வேண்டும் என்று.

இந்த முறை நான் மேலாளரிடம் கொடுக்கவில்லை. பக்கத்தைத் திறந்து வரிக்கு வரி வாசித்தேன். விளம்பரத்தில் சொன்னது அங்கே இருந்தது. ஒருவரிடமும் ஒரு சதம் கேட்கவில்லை. வேறு யார் போட்டிருந்தாலும் ஏற்றிருப்பேன். ஏற்றேன். பிறகு மேலாளரிடம் நானே போய், "இவள் என் சிநேகிதி" என்றேன்.

அவர் மறுபடி பரிசீலித்து, விளம்பரம் சரி, இருக்கட்டும் என்றார். என்னை மட்டும் மாத முடிவோடு வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டார். கம்பனி விதி அப்படி. அழுகை வரவில்லை. விசாவுக்கு ஒரு சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும்.

உங்கள் விளம்பரம் ஓடுகிறது. அது போதும்.

உன்,
ஹமீமா

வெள்ளவத்தை
20.05.2008

என் ஹமீமாவுக்கு,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. உன் கடிதம் வருவதற்கு முதலே விளம்பரத்தை நான் நிறுத்திவிட்டேன்.

இந்த மாதம் பிறந்ததும் ஒரு ரெலிபோன் கோல் வந்தது. தெற்கில் ஒரு தடுப்பு முகாமிலிருந்து விடுபட்ட பெடியன். அங்கே கூட இருந்த ஜூட்டின் வீட்டைத் தேடி, இன்டர்நெற்றில் அவன் பெயரை அடித்துப் பார்த்திருக்கிறான். "அக்கா, ஜூட் அங்கதான் இருக்கிறான். உயிரோட இருக்கிறான்" என்றான். இவரைப் பற்றிக் கேட்டேன். பெயரைத் திருப்பிச் சொல்லச் சொன்னான். "அப்பிடி ஒருத்தரையும் நான் காணேல்லை அக்கா."

றோஸி போய்த் தம்பியைப் பார்த்துவிட்டாள். கம்பிக்கு அப்பால் நின்றானாம். இன்டர்நெற்றில் எங்கள் பக்கம் இருக்கும்வரை அவனை வெளியே விடமாட்டோம் என்று அங்கே சொல்லியனுப்பியிருக்கிறார்கள். என் வாசலில் வந்து நின்று, கேட்கத் தெரியாமல் அழுதாள். பாக்கியலெட்சுமிதான், "எடுத்துவிடு பிள்ளை, ஒருத்தனெண்டாலும் வரட்டும்" என்றாள். பெற்றவள் அப்படிச் சொன்ன பிறகு நான் எதைப் பிடித்துக்கொண்டிருக்க? பக்கத்தையும் விளம்பரத்தையும் எடுத்துவிட்டேன்.

நீ ஏற்காமல் விட்டிருந்தால் அந்தப் பெடியன் தேடிய நாளில் எங்கள் பக்கம் வந்திராது. றோஸிக்கு அதைச் சொன்னேன். உன் பெயரைக் கேட்டாள், மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்த. முஸ்லிம் பிள்ளை என்றேன். "அதுக்கென்ன அக்கா, மாதாவுக்குத் தெரியாதா?" என்றாள்.

விசா கிடைக்காவிட்டால் யோசிக்காமல் பிள்ளைகளோடு இங்கே வா. பெரிய அறை சும்மா கிடக்கிறது. இந்த ஊருக்கு யாரையும் கூப்பிடக்கூடாதுதான். ஆனாலும் கூப்பிடுகிறேன்.

இனி இவரை எங்கே தேடுவதென்று தெரியவில்லை. இன்று வேலைக்குப் போகவில்லை. கொஞ்சம் நித்திரை கொள்ளப் போகிறேன்.

உன்,
நாகேஸ்