பதினோரு பல்பு குறைவான சரம்

நான் ஏணியைப் பிடித்தால்தான் ஏறுவேன் என்று அடம்பிடிக்கும் என் ஆசை மாமாவுக்கு,

உங்கள் மகள் கயலுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம். குவார்ட்டர்ஸ் வாசலில் கீற்றுப் பந்தல் போட்டாகிவிட்டது. நீங்கள் கண்மூடுவதற்கு முன் கையால் கட்டிய சீரியல் செட்டை, அந்தப் பல்புச் சரத்தை, அக்கா பரணிலிருந்து இறக்கிப் பந்தலைச் சுற்றிக் கட்டச் சொன்னாள். நேற்று சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் தெருவே வாய் பிளந்தது.

"எம்மாம் வெளிச்சம் பாருடா! அவரே வந்து நின்னுகினு இருக்கற மாதிரி இருக்கு," என்று அக்கா அழுதாள். எனக்கோ அந்த வெளிச்சம் சரியாகப் படவில்லை.

வீட்டு ஒயரிங்கில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி வழி. ஒன்று போனால் மற்றதற்குக் கவலையில்லை. சரத்தில் அப்படியா? முப்பத்தெட்டு பல்பும் ஒரே வழியில் நின்று வோல்டேஜைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று பியூஸ் போனால் மொத்தமும் இருட்டு. "புது பல்பு போடுடா, ஒயரை முறுக்கி வுட்டுடாத," என்று திருவிழாவுக்குத் திருவிழா சொல்வீர்கள். "சரி மாமா" என்பேன். நீங்கள் அந்தப் பக்கம் போனதும் பல்பை வெட்டிப் போட்டுவிட்டு இரண்டு முனையையும் முறுக்கிவிடுவேன். சோம்பேறித்தனம், வேறென்ன? போன பல்பின் பங்கும் மிச்சமிருப்பவற்றின் தலையில் ஏறும். பளிச்சென்று எரியும், கொதிக்கவும் செய்யும்.

எண்ணிப் பார்த்தேன். முப்பத்தெட்டில் பதினொன்று இல்லை. ஒரு பல்பு உரசிய இடத்தில் கீற்று கருகத் தொடங்கியிருந்தது. ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன்.

"ஏன்டா, அவரையும் அணைச்சிட்டியா?" என்று அக்கா கத்தினாள். உண்மையைச் சொல்லிவிட்டேன் மாமா. "இந்த ஒண்ணத்தான் இப்படிப் பண்ணியா?" என்றாள்.

நாம் இரண்டு பேரும் எத்தனை வீட்டுக்குச் சரம் கட்டிக் கொடுத்தோம், எத்தனையை நான் ரிப்பேர் பார்த்தேன்? இன்று காலை பால் வாங்கப் போனேன். அடுத்த பிளாக் கோயிலில் பந்தலுக்குக் கீற்று இறக்கிக்கொண்டிருந்தார்கள். "உங்க மாமா கட்டிக் குடுத்த செட்டுதான் தம்பி இந்த வருஷமும்," என்றார் பூசாரி. "வருஷத்துக்கு வருஷம் நல்லா எரியுது!"

கெஞ்சி வாங்கி வந்துவிட்டேன். அதில் ஒன்பது பல்பு இல்லை. மற்ற சரங்கள் யார் வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ, யார் இன்று சுவிட்சைப் போடப் போகிறார்களோ! வீடு வீடாகப் போகிறேன். கடைசிச் சரம் கைக்கு வரும்வரை கயலின் மணவறையில் தாய்மாமனாக ஏற மாட்டேன்.

உங்கள் சொல் கேட்காத மச்சான்