பச்சை லுங்கிக்காரன் நம் குளியலறையில்

அம்மா,

இந்த இளம்பிள்ளை ஊரிலேயே யாருக்கும் ஒரு ஃபார்வர்டு மெசேஜ்கூட அனுப்பாமல் இருபது வயதைத் தொட்ட ஒரே மனிதன் உங்கள் மகன்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நம் குளியலறையில் பிஜய் ஒளிந்திருக்கிறான். கத்திவிடாதீர்கள். காலையில் நீங்கள் "புள்ள புடிக்கறவன், உசாருங்க" என்று எல்லோருக்கும் அனுப்பிய வீடியோவில், முகம் தெரியாமல் ஓடுகிற பச்சை லுங்கி நம்மிடம் தறி ஓட்டுகிற அதே பிஜய்தான். தோளில் அழுகிற குழந்தை நம் வீட்டுப் பாப்பா நித்யஸ்ரீ. நேற்று அவள் விழுந்து முழங்கால் கிழிந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். யாரோ பின்னாலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இப்போது கட்டையோடு ஒரு கூட்டம் பட்டறைக்கு வந்து, "அந்த இந்திக்காரன் எங்கடா?" என்றது. "ஊருக்குப் போயிட்டானுங்க" என்றேன். புழக்கடை வழியாகப் போய் போலீஸைக் கையோடு கூட்டி வருகிறேன். போனில் சொல்லலாம் என்றால் உங்கள் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் அலறும்.

குக்கரில் அரிசிம்பருப்புச் சாதம் இருக்கிறது. அவனுக்கும் கொடுங்கள். பயத்தில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என் குரல் கேட்டால் மட்டும் கதவைத் திறங்கள்.

கௌசிக்

பி.கு.: "நீங்க அனுப்புலீன்னா ஊருக்குப் பொழுதே விடியாதுங்களா?" என்று காலையில் கேட்டதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கட்டுப் போட்ட காலோடு பாப்பா பிஜய் மடியில் சிரிக்கிற படத்தை, நடந்ததை எழுதி, ஊர் குரூப் எல்லாவற்றிலும் போட்டுவிட்டேன். கீழே உங்களைப் போலவே "அதிகம் பகிரவும்", மூன்று கும்பிடு. நீங்களும் அனுப்பிருங்க, சாமி.