நீ எழுதிப் போட்ட டிக்கெட்

மச்சான்,

இன்றைக்குக் காலையில் கொழும்பு அலுவலகத்தில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி பக்கத்து மேசைக்காரரிடம் ஏதோ கேட்கத் திரும்பினாள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "டிக்கெட் போடுங்க" என்றார். எனக்கு அதற்குமேல் அங்கே இருக்க முடியவில்லை. எழுந்து வந்து படிக்கட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் பதுளையில் நாம் படித்தபோது இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர், உட்கார ஒரே வாங்கு. நீ தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவாய். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியாரின் மகன் நான், டவுனிலேயே இருந்துகொண்டு பிந்தி வருவேன். பிறகு பதுளையிலேயே நாலு பேராகச் சேர்ந்து தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் செய்தோம். பிழை என்று யாராவது போனில் சொன்னால் நீ கொப்பியில் எழுதுவாய், திருத்துவாய், கோடு போட்டு வெட்டுவாய். அவ்வளவுதான் நம் நிர்வாகம். ஒன்றும் தவறியதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, கொழும்பில் இரண்டு வாரப் பயிற்சி முடித்து வந்த எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது. எதுவானாலும் இனிக் கணினியில் கோரிக்கையாகப் பதிய வேண்டும் என்றேன். அதற்குப் பெயர் டிக்கெட். ஓர் எழுத்தை மாற்றவும் ஒன்பது கட்டம் நிரப்ப வேண்டும், லீவுக்கும் அதே. நீ சிரித்தாய்.

"நாலு பேரு கொழுந்து எடுக்க ஒம்பது கங்காணியா மச்சான்?"

மற்ற இருவரும் சேர்ந்து சிரித்ததில் எனக்குக் கோபம் வந்தது. வாயால் சொல்வது எதுவும் செல்லாது என்று அன்றே சட்டம் போட்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நீ என் பக்கம் திரும்பி, "மச்சான், ஒரு விசயம்..." என்றாய். நான் திரும்பவில்லை.

"டிக்கெட் போட்டனியோ?"

"சரிங்க தொரை" என்றாய். தட்டச்சுச் சத்தம் கேட்டது. மத்தியானம் நேரத்தோடு கிளம்பிவிட்டாய். பஸ்ஸிலிருந்து இறங்கி லயத்துக்கு ஏறும் பாதையில் விழுந்தவன் எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

செத்த வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூடவே ஒக்காந்திருந்தீங்களே தம்பி, எம்புள்ள ஒங்ககிட்ட ஒன்னும் சொல்லலையா?"

"இல்லை அம்மா, ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். உண்மை என்று நம்பித்தான் சொன்னேன்.

அடுத்த வாரம், உன் வேலைகளைப் பிரித்துக் கொடுப்பதற்காக டிக்கெட் பட்டியலைத் திறந்தபோதுதான் அதைக் கண்டேன். "நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குது. ஆஸ்பத்திரி வரைக்கும் கூட வர்றியா?" ஒன்பது கட்டமும் ஒழுங்காக நிரப்பியிருந்தாய். அவசரம் என்ற கட்டத்தில் 'குறைவு' என்று போட்டிருந்தாய். அவசரமானவை மட்டும் என் திரையில் தெரியும்படி வைத்திருந்தவன் நான்தான். ஆஸ்பத்திரி நடக்கிற தூரம், மச்சான். நான் கழுத்தைத் திருப்பியிருந்தால் போதும்.

இதைச் சொல்லவென்று எத்தனையோ தடவை தெமோதரைக்குப் போய், தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். போன மாதமும் போனேன். உன் அம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. "வேல வேலன்னே இருந்துட்டான் தம்பி. வலிக்குதுன்னு ஒரு வார்த்த யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று உன்னைத்தான் குறை சொன்னார்.

நான் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் அம்மா, சொல்லியிருக்கலாம்" என்றேன்.