சாயங்கால ரத்தம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று செண்டு என்னிடம் அன்பாகப் பேசினாள். ஏன்?

ரத்தப் பரிசோதனை சென்டரில் மேனேஜரையும் சாயங்காலம் கூட்ட வருகிற அக்காவையும் விட்டால் நாங்கள் இரண்டே பேர். நான் ரத்தம் எடுக்கிறேன். அவள் பில் போடுகிறாள், கூட்டம் சேர்ந்தால் அவளும் ஊசி பிடிப்பாள். ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிடும், அதனால் இந்த நோட்டில் மட்டும் அவள் செண்டு. நேரில் அக்கா. சேர்ந்த நாளிலிருந்து என்னிடம் அவள் பேசியதெல்லாம் "அடுத்த ஆளை வரச் சொல்லு" மட்டும்தான். இன்று, "கடைசி டியூபுக்காக ஏன் காத்துக் கெடக்கற? உனக்கு கிளாஸ் இருக்குல்ல? நீ கிளம்பு. நான் சுத்தி வச்சிடறேன்" என்றாள்.

எடுத்த ரத்தம் உறைவதற்கு அரை மணி நேரம் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். பிறகு மெஷினில் சுற்ற வேண்டும். சுற்றினால் டியூபுக்குள் இருக்கும் ஜெல் நடுவில் சுவர் மாதிரி ஏறி, சிவப்பைக் கீழேயும் மஞ்சள் நீரை மேலேயும் பிரித்துவிடும். அதன் பிறகுதான் ஃப்ரிட்ஜ். சாயங்காலம் எடுப்பதை மறுநாள் காலை, நாங்கள் வருவதற்கு முன்பே, பைக்கில் ஓர் ஆள் வந்து பெட்டியில் போட்டு மெயின் லேபுக்குக் கொண்டு போவார். இந்த அரை மணி நேரக் காத்திருப்பால் எனக்கு தினமும் மருத்துவ நுழைவுத் தேர்வு வகுப்பில் முதல் பாதி போய்விடுகிறது.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வகுப்பில் மனம் ஒட்டவில்லை. என்ன வேண்டும் இவளுக்கு?

மார்ச் 7, வெள்ளி

தெரிந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து இந்த சென்டருக்கு ஒரு ஆள் போதுமாம். மேனேஜர் போனில் பேசியது தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் கேட்டது. செண்டுவுக்கு இது முன்பே தெரிந்திருக்கும். நான் சீக்கிரம் கிளம்பிப் போவதை அவள் மேனேஜரிடம் சொல்ல வேண்டும், அதற்குத்தான் என்னைக் கிளப்பிவிடுகிறாள்.

அப்படியானால் நான் ஏன் தினமும் கிளம்புகிறேன்? வகுப்பு வேண்டும், அதனால்தான். பொறி என்று தெரிந்தே தேங்காய்த் துண்டைக் கடிக்கிற எலி.

மார்ச் 11, செவ்வாய்

மேனேஜர் இன்று எல்லோர் முன்னாலும் என்னை "டாக்டரம்மா" என்று கூப்பிட்டார். ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த பெரியவர் நிஜமென்று நம்பி எழுந்து நின்றுவிட்டார். மேனேஜர் சிரித்தார், செண்டுவும் சிரித்தாள். நான் பெரியவரின் கையைப் பிடித்து உட்கார வைத்து நரம்பு தேடினேன். இரண்டு முறை குத்த வேண்டியதாகிவிட்டது.

வேலையை விட்டுவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா தையல் கம்பெனியிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"விட்டுட்டு?"

"பரீட்சை வரைக்கும் படிக்கறேன்."

"கெடைக்கலன்னா?"

அப்பா மட்டும், "இந்தக் குடும்பத்துல காலேஜ் வாசலை மிதிச்சவ நீ ஒருத்திதான். உனக்குத் தெரியாதது எங்களுக்கு என்ன தெரியும்? தோணறதைச் செய். ஆனா சண்டை போட்டுட்டு மட்டும் வராத" என்றார். அப்பா ஒரு துணிக்கடை கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிறார். நாள் முழுக்க ஏறி இறங்கினாலும் யாரோடும் சண்டை போடாமல் இருக்கத் தெரிந்தவர்.

மார்ச் 12, புதன்

விடுவதா, வேண்டாமா? விட்டால் செண்டுவுக்கு வெற்றி. விடாவிட்டால் மேனேஜருக்கு வேடிக்கை.

மார்ச் 17, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மெயின் லேபிலிருந்து மேனேஜருக்குப் புகார் வந்திருக்கிறது. எங்கள் சென்டரிலிருந்து போகும் ரத்தத்தில் பலருக்குப் பொட்டாசியம் அதிகமாக வருகிறதாம். பொட்டாசியம் நிஜமாகவே ஏறினால் இதயத் துடிப்பு தவறும், ஆபத்து. ஆனால் ஒரே ஊரில் இத்தனை பேருக்கு ஒரே சமயத்தில் ஏறுமா? ரத்தம் எடுப்பதில்தான் கோளாறு என்று அங்கே முடிவு கட்டிவிட்டார்கள். எடுக்கிறவள் நான்.

"கண்ணு புஸ்தகத்துல இருந்தா கை எங்க இருக்கும்?" என்றார் மேனேஜர். "டியூபைப் போட்டுக் குலுக்கறியா? கையை இறுக்கிக் கட்டிட்டு மறந்துடறியா?"

இல்லை சார் என்று சொல்ல வாய் எடுத்தேன், குரல் வரவில்லை. எனக்கு எப்போதும் இப்படித்தான். வேண்டிய பேச்சு பஸ்ஸில் வரும்போதுதான் வரும். செண்டு பில் மெஷினில் பேப்பர் மாற்றிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்தது எதற்கு?

குலுக்கினால் ரத்த அணு உடைந்து நீர் சிவப்பாகும். ரிப்போர்ட்டில் அப்படி எதுவும் குறிப்பிடவில்லை. நீர் தெளிவாக இருக்கிறது, பொட்டாசியம் மட்டும் ஏறியிருக்கிறது. கம்ப்யூட்டரில் பெயர்களைப் பார்த்தேன். காலையில் எடுத்தவர்கள் எல்லோருக்கும் சரியாக இருக்கிறது. சாயங்காலம் எடுத்தவர்களுக்கு மட்டும்தான் தப்பு.

சாயங்காலம் டியூப் யார் கையில் இருக்கிறது? நான் போன பிறகு?

மார்ச் 18, செவ்வாய்

சலவைக் கடைக்காரர் வந்தார். மாதா மாதம் வருகிறவர், என்னைத் தவிர வேறு யாரையும் ரத்தம் எடுக்க விடமாட்டார். எப்போதும் வாசலிலேயே, "எறும்பு வந்துட்டாளா?" என்று கேட்பார். நான் குத்தினால் எறும்பு கடித்த மாதிரி இருக்குமாம். இன்று ரத்தம் கொடுக்க அல்ல, பழைய ரிப்போர்ட் நகல் வாங்க வந்திருந்தார்; எறும்பைக் கேட்கவில்லை. உள்ளே வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

போன வாரம் எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் அவருடைய இதய மாத்திரையை நிறுத்திவிட்டாராம், பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரை அது என்று. "பழம்கூடத் தொடக் கூடாதுன்னுட்டாரு. நிறுத்தினதுலேர்ந்து மாடிப்படி மல மாதிரி இருக்கும்மா."

அவர் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது, அப்படியே நின்றது; நீர் கோத்திருக்கிறது.

பழைய மாதங்களில் அவருக்குப் பொட்டாசியம் ஒருமுறைகூட ஏறியதில்லை. "டாக்டரை இன்னிக்கே பாருங்க" என்று மட்டும் சொன்னேன். ரிப்போர்ட் தப்பாக இருக்கலாம் என்று ஏன் சொல்லவில்லை? நிரூபிக்க முடியாது என்றா? மேனேஜர் பக்கத்தில் நின்றார் என்றா?

மார்ச் 21, வெள்ளி

வகுப்புக்குப் போகிற மாதிரி கிளம்பி, எதிர்ப்பக்க ஜெராக்ஸ் கடையில் நின்றேன். ஜெராக்ஸ்காரர் இரண்டு முறை "என்ன எடுக்கணும்?" என்று கேட்டுவிட்டார். கையிலிருந்த உயிரியல் புத்தகத்திலிருந்து வேண்டாத பக்கம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

நான் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் செண்டு வெளியே வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து போனில் பேச ஆரம்பித்தாள். மகனிடம் போலிருக்கிறது, கழித்தல் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். "ஏழை அங்க போட்டுட்டு இங்க கடன் வாங்குடா." ரத்தம் உள்ளே தனியாக இருக்கிறது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ரோட்டைக் கடந்து பின்வாசல் வழியாக உள்ளே போனேன்.

உள்ளே கூட்டுகிற அக்கா. தரையில் தண்ணீர் ஊற்றியிருந்தாள். ஸ்டாண்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஃப்ரிட்ஜை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள், கோயில் விளக்கை எடுத்துப் போகிறவள் மாதிரி. சுற்றாத டியூப், அத்தனையும்.

"என்னக்கா பண்றீங்க?"

தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. "நீ போகலியா? தெனமும் நான்தாம்மா உள்ள வைக்கறேன். ரத்தம்னா பால் மாதிரிதானே, வெளிய வச்சா கெட்டுடாது? நீ பாவம், படிப்பு படிப்புன்னு அவசரத்துல மறந்துட்டு ஓடற. அந்தாளு பாத்தா உன்னைத்தானே வைவாரு."

"தினமுமாக்கா?"

"இந்த மாசம் நீ சீக்கிரம் போக ஆரம்பிச்சதுலேர்ந்து."

சுற்றாத ரத்தத்தைக் குளிரில் வைத்தால் அணு உடையாது. ஆனால் பொட்டாசியத்தை உள்ளேயே பிடித்து வைக்கும் வேலையைக் குளிரில் அது செய்யாது. இரவு முழுக்கக் கசிந்துகொண்டே இருக்கும். போன மாதம்தான் வகுப்பில் படித்தேன். படித்து, கோடு போட்டு, மறந்தும் போனேன்.

செண்டு திரும்பி வந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"அக்கா, நீங்க சுத்தறதே இல்லையா?"

"நான் வரப்போ ஸ்டாண்டே இருக்காதே. நீயே அரை மணி நேரம்கூட வைக்காம அவசரமா சுத்தி உள்ள வச்சிட்டுப் போயிருப்பேன்னு நெனச்சேன். உதவி பண்றேன்னு சொன்னப்போ உன் மூஞ்சி போன போக்கைப் பாத்தேனே. இவளுக்கு நம்ம உதவி வேணாம் போலன்னு விட்டுட்டேன்."

"கேட்டிருக்கலாமே."

"நீயும் கேட்டிருக்கலாம்."

மெயின் லேபில் காலையில் வந்து குவியும் டியூபில் எதைச் சுற்றி அனுப்பினார்கள், எதைச் சுற்றாமல் அனுப்பினார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. வந்ததைச் சுற்றி மெஷினில் போட்டுவிடுவார்கள்.

கூட்டுகிற அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "தப்பாம்மா?" என்றாள். ஸ்டாண்டை இன்னும் கீழே வைக்கவில்லை.

மார்ச் 22, சனி

மேனேஜரிடம் சொன்னேன். நேற்று இரவெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததால் குரல் வந்தது. இந்த மாதம் சாயங்காலம் எடுத்த எல்லோருக்கும் போன் போட்டு, ரிப்போர்ட் தப்பு, மறுபடி எடுக்கிறோம் என்று சொல்ல வேண்டும் சார் என்றேன்.

"ஃப்ரிட்ஜுல வச்சது யாரு?"

"யார் வச்சாங்கன்னு சொன்னா பொட்டாசியம் எறங்காது சார். சாயங்காலம் யாரும் சுத்தல, நாங்க ரெண்டு பேருமே."

அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். எழுந்து கதவைச் சாத்தினார். உட்காரச் சொன்னார். இதுவரை அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை.

"பரீட்சை எப்போம்மா? நீ ஒண்ணு பண்ணு. அதுவரைக்கும் லீவு எடுத்துக்க, சம்பளம் வந்துடும். நிம்மதியா படி. பரீட்சை முடிஞ்சு வந்தா சென்டரே உன்னோடது. இந்த போன் கீன் எல்லாம் நான் பாத்துக்கறேன். நீ யாருக்கும் எதுவும் சொல்லாத."

திங்கட்கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இத்தனை நாள் இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். காலை முழுக்க மேஜை, புத்தகம், செண்டு வாசனை இல்லாத காற்று. கேட்டதெல்லாம் ஒரே மூச்சில், கதவைச் சாத்திவிட்டுக் கிடைக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். "வேல செய்யறதுக்கே முக்கி முக்கிக் குடுக்கறவரு, வேல செய்யாம இருக்கறதுக்குக் குடுக்கறாரா?"

பிறகு, "அந்தத் துணி தேய்க்கிறவரு எப்படி இருக்காரு?" என்றாள்.

அம்மாவிடம் அவரைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசியிருப்பேன்.

மார்ச் 24, திங்கள்

காலையில் சலவைக் கடைக்கே போனேன். கடையில் மகள் மட்டும். நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ரிப்போர்ட் தப்பு, டியூப் வைத்த முறை தப்பு, டாக்டரிடம் இதை அப்படியே சொல்லுங்கள், அங்கே மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள் என்றேன். அவள் என்னை நம்பவில்லை. "ஏன் இப்ப வந்து சொல்றீங்க?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. "வெள்ளிக்கிழமைதான் தெரிஞ்சது. அன்னிக்கே வந்திருக்கணும்" என்றேன். அவள் போனை வாங்கி டாக்டரிடம் நானே பேசினேன். அவர் இரண்டு கேள்வி கேட்டார், இரண்டுக்கும் பதில் தெரிந்திருந்தது. "சரி, இப்பவே எடுக்கச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

சென்டருக்கு வந்து மற்ற பெயர்களை எடுத்துப் போன் போட ஆரம்பித்தேன். செண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டாள். "பாதியை என்கிட்ட குடு. நீ பேசற வேகத்துல பேசினா உன் பரீட்சையே முடிஞ்சிடும்."

மேனேஜர் வந்தபோது நாங்கள் இருவருமே போனில் இருந்தோம். அவர் முதலில் போனைத்தான் பிடுங்கினார். அதற்குள் ஏறக்குறைய முடித்துவிட்டோம்.

மார்ச் 25, செவ்வாய்

வேலை இல்லை. நான் விட்டேனா, அவர் விரட்டினாரா என்று அப்பா கேட்டார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசினோம், சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

"சண்டை போட்டியா?"

"ஆமாப்பா."

அப்பா கொஞ்ச நேரம் சட்டைப் பித்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். "சத்தமாவா?" என்றார்.

மார்ச் 28, வெள்ளி

சலவைக் கடைக்காரருக்குப் பொட்டாசியம் சரியாக இருக்கிறது. மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டுக்கு வர இன்னும் சில நாள் ஆகும். மகள்தான் போன் செய்தாள். நன்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்காது.

கூட்டுகிற அக்கா வேலையில் இருக்கிறாளாம். ஸ்டாண்டைப் பார்த்தால் இப்போது விலகிப் போகிறாளாம், பாம்பைப் பார்த்த மாதிரி.

ஏப்ரல் 9, புதன்

செண்டு அக்கா போன் செய்தார். அவரும் அங்கிருந்து வந்துவிட்டார். ஒரு ஆஸ்பத்திரி லேபில் சேர்ந்திருக்கிறார், அங்கே காலை நேரத்துக்கு மட்டும் ஓர் ஆள் தேவையாம். "உன்னைச் சொல்லட்டுமா?" என்றார்.

பழைய கேள்வி தொண்டை வரை வந்தது. முழுங்காமல் கேட்டேன். "என்னை எதுக்குக்கா சொல்றீங்க?"

"வேற எதுக்கு? நீ காலைல வந்தா நான் மத்தியானத்துக்கு மாறிக்குவேன். என் பையனை நானே ஸ்கூல்ல கொண்டு போய் விடலாம். வேன்காரன் அவனைத் தெனமும் அழ விடறான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சிரிப்பு என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பரீட்சை முடிந்ததும் வருகிறேன், அதுவரை முடியாது என்றேன்.

"முடிஞ்சதும்னா முடிஞ்சதும்தான். ரிசல்ட்டு வரட்டும், அது வரட்டும், இது வரட்டும்னு இழுக்கக் கூடாது. அதுவரைக்கும் யாரையும் உள்ள விடாம பாத்துக்கறேன்."

சரி என்று வைத்தேன். இயற்பியலில் இரண்டு பாடம் பாக்கி இருந்தது. விளக்கைப் போட்டு உட்கார்ந்து அதில் ஒன்றை முடித்தேன்.