நாலு டயரும் நாலு வருடம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஓரளவு என்று எழுதியதற்குப் பயப்படாதே. அப்பாவின் கைக்கட்டை அடுத்த வாரம் பிரிக்கிறார்கள், முகத்து வீக்கம் முழுக்க வடிந்துவிட்டது, மறுபடியும் கண்ணாடி முன்னால் நின்று மீசையை ஒதுக்கிக்கொள்கிறார், அதனால் குணமாகிவிட்டார் என்றே எடுத்துக்கொள்ளலாம். போனில் நீ கேட்டாய், நாலு டயர் வாங்க அஞ்சு கடை ஏறி இறங்கினியாமே, பொண்ணு பாக்கப் போறவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்களே என்று. அப்பா பக்கத்தில் இருந்து சிரித்தார். நான் வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். டயர் வெடித்தது, தேன்பெட்டி கவிழ்ந்தது என்ற பாதிக் கதைதான் உனக்குத் தெரியும். மீதியைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பிக்கப்பின் பழைய டயர்கள் போன பருவத்தோடு தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. பன்னிரண்டு வருடமாக அந்த வண்டியை ஓட்டுகிறவள் நான், பின்னால் டிரெய்லரை மாட்டித் தேன்பெட்டிகளைத் தோட்டம் தோட்டமாக இழுத்துக்கொண்டு போகிறவள் நான், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வார், அதுவும் தப்பாகச் சொல்வார். டயர் வாங்க நானே போயிருக்க வேண்டும். உன் மாமா வந்து, நீ போனா பொம்பளைன்னு எதையாவது தலையில கட்டிடுவாங்கக்கா, எனக்கு வேண்டியவர் ஒருத்தர் கடை வெச்சிருக்கார், நான் பாத்துக்கறேன் என்றான். கூடப்பிறந்தவன், உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன், சாவியைக் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் வண்டி திரும்பி வந்தபோது நாலு டயரும் கன்னங்கரேலென்று மினுங்கின. சுற்றி வந்து பார்த்தேன், தரையைப் பிடிக்கிற பட்டன் ஆழமாக இருந்தது, காற்று சரியாக இருந்தது, அதோடு விட்டுவிட்டேன். தம்பி வாங்கி வந்த பொருளை யார் கீழே படுத்து உள்பக்கம் பார்ப்பார்கள்.

சூரியகாந்தி முடிந்து மலையடிவாரத்தில் பூ விட ஆரம்பித்திருக்கிறது என்று தோட்டக்காரர் சொல்லி அனுப்பினார். வழக்கம்போல தேனீக்கள் பெட்டிக்குள் இருக்கும் நேரமாகப் பார்த்து விடியற்காலையில் கிளம்பினோம், டிரெய்லரில் நாற்பது பெட்டி. எடை மேடையில் ஏற்றி நிறுத்தி, அளவுக்கு உள்ளேதான் இருக்கிறது என்று சீட்டும் வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டேன், அது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும். சரிவு முடிகிற வளைவில் பிக்கப்பின் பின்பக்கத்து இடது டயர் போயிற்று. பெரிய சத்தமெல்லாம் இல்லை, யாரோ ஈரப்பாயை ஓங்கி உதறின மாதிரி இருந்தது. அடுத்த நொடி டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது, அது ஆட ஆட பிக்கப்பும் ஆடிற்று. நான் பிரேக்கில் கால் வைக்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறையட்டும் என்று விட்டேன், அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். பிக்கப் பாதை ஓரத்தில் மோதி நின்றது, டிரெய்லர் கொக்கியைப் பிய்த்துக்கொண்டு பள்ளத்தில் கவிழ்ந்தது. அப்பாவின் மணிக்கட்டு முன்பலகையில் அடித்து முறிந்துவிட்டது. அந்தக் கையோடு, வலைத்தொப்பிகூடப் போடாமல், கவிழ்ந்த பெட்டிகளைத் தூக்கி நிறுத்த ஓடினார். பின்னால் வந்த பால் வண்டி டிரைவர் புண்ணியவான், தன் வண்டியைக் குறுக்கே நிறுத்திப் போக்குவரத்தை மறித்துவிட்டு, ஒரு சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு போய் அப்பாவை இழுத்து வந்து பால் வண்டிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். அதற்குள் இரண்டு கண்ணும் மூடிப்போகிற அளவுக்குத் தேனீக்கள் கொட்டியிருந்தன.

இதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. ஆம்புலன்ஸில் அப்பாவை ஏற்றி அனுப்பிவிட்டு, தேனீக்களை அடக்குகிற புகை டப்பாவைப் பற்றவைத்து, மிஞ்சின பெட்டிகளையாவது மூடலாம் என்று நான் பள்ளத்தில் நின்றேன். வெயில் ஏறுவதற்குள் கூட்டம் வந்துவிட்டது. உதவிக்கு என்று நினைத்தேன். போர்வையைத் தலையோடு சுற்றிக்கொண்டு, கையில் வாளியும் பிளாஸ்டிக் டப்பாவுமாக வந்தார்கள், அடை அடையாகப் பிய்த்துப் போட்டுக்கொண்டு போனார்கள். டீசலும் தேனும் கலந்து வழிகிறது, அதில் செத்த தேனீக்கள் கைப்பிடி கைப்பிடியாக ஒட்டிக்கிடக்கின்றன, அதை விரலால் வழித்து எடுக்கிறார்கள். ஒரு அம்மாள், நல்ல புடவை கட்டினவள், என்னிடமே வந்து, ஒரு கவர் இருந்தா குடுங்களேன், வீணாத்தானே போவுது என்றாள். நான் திரும்பி அடுத்த பெட்டியை மூடப் போனேன். அவள் கோபித்துக்கொண்டு போனாள். நாற்பதில் இருபத்திரண்டு பெட்டி போய்விட்டது, அப்பா நாலு வருடமாகப் பிரித்துப் பிரித்துப் பெருக்கின கூட்டங்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு டயர் கடைக்காரர் பழப்பையோடு வந்தார். அப்பாவின் கட்டிலைத் தொட்டதற்கே கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். ஆசைப்பட்டு நாலு பெட்டி கூட ஏத்தியிருப்பீங்க, ஓவர்லோடு ஏத்தினா எந்த டயர்தான் தாங்கும் என்று ஆறுதல் சொன்னார். எடைச் சீட்டைப் பர்ஸிலிருந்து எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்காமல் மின்விசிறியைப் பார்த்தார், அப்புறம் கடையில் ஆள் இல்லை என்று கிளம்பிவிட்டார். கேட்காமலே ஒருவன் காரணம் சொல்கிறான் என்றால் மடியில் கனம் இருக்கிறது என்று அர்த்தம். நேராக, நம் பிக்கப்பை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியிருந்த மெக்கானிக் பட்டறைக்குப் போனேன். நாலு டயரையும் கழற்றித் தரையில் போடச் சொன்னேன். டயரின் பக்கவாட்டில் நாலு எண் பொறித்திருப்பார்கள், முதல் இரண்டும் எந்த வாரம், கடைசி இரண்டும் எந்த வருடம் அது செய்யப்பட்டது என்று காட்டும். அது ஒரு பக்கத்தில்தான் முழுசாக இருக்குமாம். அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டியிருந்தார்கள். மெக்கானிக் ஈரத்துணியால் தேய்த்தார், கறுப்புப் பாலிஷ் கரைந்து வந்தது, அதற்குக் கீழே சுவரில் விழுந்த விரிசல் மாதிரி பொடிப்பொடியாக வெடிப்பு. வெடித்த டயருக்கு வயது ஒன்பது. மற்றது எட்டு, ஏழு, இன்னொன்று பதினொன்று. நாலு டயரும் நாலு வருடம். எங்கெங்கோ விற்காமல் வெயிலில் கிடந்ததைப் பொறுக்கி, பூசி மெழுகி, புதுசு என்று விற்றிருக்கிறான். ஓடாத டயர்தான், பட்டன் தேயாததுதான், ஆனால் ரப்பர் சும்மா கிடந்தாலும் செத்துப்போகும், வெளியே தெரியாது என்றார் மெக்கானிக்.

இதையெல்லாம் உன் மாமாவிடம் சொல்லி அழ வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன், பாவி. அவன் காரை நிறுத்தி இறங்கினான். என் கண் தானாக அவன் டயருக்குப் போயிற்று, அன்றைக்கு எதைப் பார்த்தாலும் டயரைத்தான் பார்த்தேன். அவனுடைய பழைய டயர்கள் எப்படி இருந்தன என்று உனக்கே தெரியும், மழையில் நீயே ஏற மாட்டேன் என்றாய். இப்போது நாலும் புத்தம் புதுசு, அச்சிலிருந்து வந்த ரப்பர் முடிகூட உதிரவில்லை, பூனை மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. குனிந்து எண்ணைப் பார்த்தேன், இந்த வருடத்தது. எப்போ மாத்தினே என்று கேட்டேன். அன்னிக்கேதான்க்கா, தெரிஞ்சவருன்னு சும்மா போட்டுக் குடுத்தாரு என்றான். எதுக்கு சும்மா என்றேன். அவன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என்னுடையது பழசு என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். ஸ்டாக் கொஞ்சம் பழசுன்னுதான் சொன்னாரு, இவ்வளவுன்னு சொல்லல, நீ மெதுவாத்தானே ஓட்டுவேன்னு நெனச்சேன் என்றான். கொஞ்சம் என்ற அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டதும் படிக்கட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். அவன் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான். அந்தத் தண்ணீரை நான் வாங்கவில்லை.

கடைக்காரர் ஆள் விட்டுப் பேசினார், நாலும் புதுசாகப் போட்டுத் தருகிறேன், விஷயம் நமக்குள்ளேயே முடியட்டும் என்று. அந்தக் கை தொட்ட டயரில் என் வண்டி உருளாது என்று சொல்லி அனுப்பிவிட்டு நுகர்வோர் மன்றத்தில் புகார் கொடுத்தேன். டயரைப் பார்த்தார்கள், சீட்டைப் பார்த்தார்கள். பழைய சரக்கு என்று தெரிந்தேதான் விற்றார் என்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார்கள். அந்தச் சாட்சி உன் மாமா ஒருவன்தான். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்று கேட்டேன். நானும் அவரும் ஒரே தெருவுல இருக்கோம்க்கா, முகத்துல முழிக்கணுமே என்றான். என் முகத்தில் முழிக்க வேண்டியதைப் பற்றி அவனுக்கு யோசனை இல்லை. மூன்று வாரம் ஆள் வரவில்லை, உன் அத்தைதான் போன் செய்து, அவர் சரியாவே சாப்பிடறதில்லைங்க என்றாள். நானும்தான் சாப்பிடவில்லை.

இதற்கிடையில்தான் நீ கேலி செய்த அந்த ஐந்து கடை. முதல் கடையில் நான் எண்ணைத் தேடி டயரைப் புரட்டியதும், நம்பிக்கை இல்லேன்னா வேற கடை பாருங்க என்றார், பார்த்தேன். இரண்டாவதில் சேற்றுக்கான தடித்த பட்டன் டயரைக் காட்டி வண்டி சிங்கம் மாதிரி நிற்கும் என்றார், நாள் முழுக்கத் தார்ச்சாலையில் சுமை இழுத்தால் அது சூடேறி இரையும் என்பது அவருக்குத் தெரியாதா, தெரியும். மூன்றாவதில் காருக்கான டயரையே ரிம்முக்குப் பொருந்துகிறது என்று மாட்டப் பார்த்தார்கள். நாலாவதில் கேள்வி கேட்பது நான், பதில் சொல்வது கூட வந்த மெக்கானிக்கைப் பார்த்து. இத்தனை பேரும் சேர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்கவில்லை, நீ எதை இழுக்கிறாய் என்று. ஐந்தாவது கடையில் முழங்கை வரை அழுக்கோடு ஒரு பெண், டயர் மாட்டுகிறவள், அவள்தான் கேட்டாள். என்ன இழுக்கறீங்க, கொக்கி மேல எவ்வளவு பாரம் உக்காருது, மத்தியான வெயில்ல ஓட்டுவீங்களா, தோட்டத்துக்குள்ள மண்பாதையா என்று. டிரெய்லரின் பாரம் கொக்கி வழியாகப் பிக்கப்பின் பின் சக்கரத்தில்தான் இறங்கும், அதனால் பக்கவாட்டுச் சுவர் கெட்டியாக இருக்கிற சுமை டயர்தான் வேண்டும் என்று சொல்லி, எவ்வளவு எடை தாங்கும் என்று அதிலேயே எழுதியிருப்பதைக் காட்டினாள். நடுவில் பட்டன் நெருக்கமாக, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் அகன்று, தாருக்கும் மண்ணுக்கும் ஒத்துப்போகிற மாதிரி ஒன்றை வெளிச்சத்துக்கு உருட்டி வந்து, தேதிய நீங்களே தேடிப் படிங்க என்று துணியைக் கொடுத்தாள். ஏழு வாரத்துக்கு முந்தியது. எண் வெளியே தெரிகிற மாதிரி மாட்டச் சொன்னேன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. டிரெய்லர் டயரையும் பாத்துடுங்க, இதையும் ஆறு வருஷத்துக்கு மேல வெச்சுக்காதீங்க, தேயலன்னாலும் தூக்கிப் போட்ருங்க என்றாள். நல்லவள்தான், ஆனாலும் வீட்டுக்கு வந்து இன்னொரு முறை படுத்துப் பார்த்தேன். அப்படி ஆக்கிவிட்டார்கள் என்னை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மாமா வந்தான். கையில் காகிதம், நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான், தனக்கு இலவசமாக டயர் கிடைத்ததையும் மறைக்காமல் எழுதியிருந்தான். படித்துவிட்டு நிமிர்ந்தால் அவன் காரில் பழைய வழுக்கை டயர்கள். அந்த ஆள் போட்டுக் கொடுத்ததைக் கழற்றிக் கடை வாசலிலேயே போட்டுவிட்டு, பட்டறை மூலையில் கிடந்ததை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான், நான் மெச்சுவேன் என்று. என்ன சொல்லித் திட்டுவது. இதுல எவன் மேலயாவது ஏத்திட்டு வந்து அதுக்கும் எங்கிட்ட காகிதம் குடுப்பியா என்று கேட்டுச் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன், வேறு டயர் வாங்கும்வரை கார் நம் வாசலில்தான் நிற்கும். அப்பா கட்டிலில் இருந்தபடி, வாப்பா உள்ள என்று கூப்பிட்டார், அவர் மனசு அப்படி. இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள், மாமா அழுத சத்தம் கேட்டது. நான் சமையலறையை விட்டு வரவில்லை. அவன் பஸ்ஸில் திரும்பிப் போனான். விசாரணை அடுத்த மாதம், காகிதம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

உனக்கு அவன் போன் செய்வான். எடுத்துப் பேசு, நான் தடுக்கவில்லை. அம்மாகிட்ட எனக்காகச் சொல்லு என்பான், அதை மட்டும் என்னிடம் கொண்டு வராதே. உனக்கு மாமா வேண்டும், அது எனக்குத் தெரியும். எனக்குத் தம்பி வேண்டுமா என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

நீ எந்தக் குறையும் இல்லாமல், நல்ல மனிதர்கள் நடுவில் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். முதுகுவலிக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்று இரண்டு மாதமாகச் சொல்கிறாய், இந்தக் கடிதம் கிடைத்த வாரமே போய்ப் பார். காலையில் அப்பாவுக்கு ஒரு போன் போடு, பதினெட்டுப் பெட்டியை ஜன்னல் வழியாகப் பார்த்து என்னை அதிகாரம் செய்துகொண்டிருக்கிறார், கொஞ்ச நேரம் உன்னையும் செய்யட்டும்.

என்றும் உன் நினைவாக,
அம்மா