செத்தது எந்த அயாக்ஸ்?

அன்புக்குரிய யோகண்ணை,

உங்கள் மரண அறிவித்தலில் 'பஸ்' என்ற சொல் இடம்பெறக்கூடாது என்று, நீங்கள் போன மறுநாள் உங்கள் வீட்டுக் குசினியில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. அண்ணி முன்மொழிந்தார். மகள் வழிமொழிந்தாள். நான் தேநீர் குடித்தேன்.

நீங்கள் பஸ் ஓட்டிய டுசல்டோர்ஃபில் 'பஸ் யோகநாதன்' என்றால்தான் உங்களைத் தெரியும். இங்கே கடை வைத்திருக்கும் இன்னொரு யோகநாதன், 'கடை யோகநாதன்'. "செத்த பிறகாவது மனிசன் முழுப்பேரோட போகட்டும், தம்பி. மண்டபம் நிறைய ஆக்கள் வரவேணும்," என்றார் அண்ணி. அதை எப்படி மறுப்பது? கந்தையா யோகநாதன் என்று போட்டோம். கடை யோகநாதனின் தகப்பனும் கந்தையாதான் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

கிரேக்கப் புராணத்தில் இந்த விஷயம் கொஞ்சம் ஒழுங்கு. கடைசித் தரிப்பில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அந்தத் தடித்த ஜெர்மன் புத்தகத்தை வாசித்த நீங்கள்தானே சொன்னீர்கள்? ட்ரோய்ப் போரில் இரண்டு அயாக்ஸ். ஒருவன் மலை மாதிரி. மற்றவன் கட்டை, ஆனால் நல்ல ஓட்டக்காரன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சண்டை பிடித்தார்கள். தகப்பன் பெயரைச் சேர்த்தால் பிரித்தறியலாம்.

ஆனாலும் உங்களுக்குச் சந்தேகம் தீரவில்லை. பெரியவன் தன் வாளிலேயே விழுந்து செத்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டீர்கள்: "அயாக்ஸ் செத்திட்டான் எண்டு ஊருக்குச் சேதி போயிருக்கும். முதல்ல எந்த வீட்டில அழுதிருப்பினம்?"

எனக்குத் தெரியவில்லை. இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்குமோ?

நம் ஆட்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அறிவித்தலில் போட்ட படம் உதவவில்லை. அகதியாக வந்த புதிதில் எல்லாரும் ஒரே ஸ்டூடியோவில், அங்கே தொங்கிய ஒரே கோட்டைப் போட்டு, ஒரே மீசையோடு எடுத்த படம் அது. தகன மண்டபத்தின் விலாசம் தெளிவாக இருந்தது. ஆனால் செத்தவீட்டுக்குப் போய், குடும்பத்தோடு சேர்ந்து புறப்படுவதுதானே நம் வழக்கம்? மலர்வளையங்களோடு கடை யோகநாதன் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கதவைத் திறந்தது அவரேதான். ஒரு அக்கா அவரைக் கட்டிப்பிடித்து அழுது முடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாராம்.

"நானில்லை, மற்ற யோகன்," என்றாராம் அவர். "வாங்கோ, எல்லாரும் என்ர கடை வானில ஏறுங்கோ."

உங்கள் புத்தகத்தை அண்ணி என்னிடம் தந்திருக்கிறார். கடைசிப் பக்கம் வரை வாசிப்பேன், அண்ணை. அந்தச் சேதி போன வீடு எதுவென்று எங்காவது எழுதியிருந்தால், முதலில் உங்களுக்கே சொல்வேன்.

தகனத்துக்கு மண்டபத்தில் எங்களுக்கு ஒதுக்கிய நேரம், டெர்மின், பத்து மணி. நாங்கள் மூவரும் முன்வரிசையில் இருந்தோம். கடை யோகநாதனின் வான் வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் அடுத்த குடும்பம் இருந்தது.

உங்கள் கூடப்பிறவாத் தம்பி,
இரவி