ஆண் மீனுக்குள் முட்டை

ஆவணி, புதன்கிழமை இரவு

தேசப்பன் அண்ணனிடம் இன்று சொல்லிவிட்டேன். அவர் நெட்டுக்குப்பத்துக்காரர். கழிமுகத்தில் மீன் குறைந்த பிறகு, ஆற்றில் மேலேறிப் போய் உப்பு ஏறாத தண்ணீரில் ஜிலேபி மீன் பிடிக்கிறார். எங்கள் கல்லூரி ஆய்வகத்துக்கும் அவர்தான் மீன் கொடுக்கிறார்.

ஆண் மீன்கள் சிலவற்றின் விந்தகத்துக்குள் முட்டைகளைப் பார்த்தேன். ஆற்றில் கலக்கும் ஏதோ கழிவு அவற்றின் ஹார்மோனைக் குழப்புகிறது என்று நினைக்கிறோம். கரையில் வைத்து இதைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"ஆம்பள மீனுக்குள்ள முட்டையா? இன்னாம்மா சொல்ற?"

பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"எம் பொண்ணு முழுகாம கீது. பிரசவத்துக்கு நம்ம வூட்டுக்குத்தான் வந்துகீது. டெய்லி இந்த மீனுதான் துன்னுது."

"மனுசங்கள என்ன பண்ணும்னு இன்னும் தெரியலண்ணா. ஆனா அவளுக்குக் குடுக்காதீங்க."

அவர் நிறைந்திருந்த கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணுக்கு வேணாம்னா, கல்மண்டபம் மார்க்கெட்டுல வாங்கினு போறவங்க பொண்ணுக்கு மட்டும் குடுக்கலாமா?"

அவர் ஆய்வுக்கு வேண்டிய மீன்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, மீதியைக் கரையில் கொட்டினார். உடனே கொக்குகள் இறங்கின. "ஏய், துன்னாத, போ!" என்று துடுப்பை வீசி விரட்டினார். நான் குனிந்து, கையாலேயே குழி தோண்டத் தொடங்கினேன். இருவருமாகப் புதைத்து முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

எத்தனை முறை கழுவியும் நகக்கண்ணில் சேறு போகவில்லை. நாளைக்கு எங்கே வலை போடுவார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.